அளவு காட்டும் கருவிக்கு அளவு பார்ப்பது யார்?

உங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்கும் எரிவாயு சிலிண்டரைச் சற்று உற்றுப் பாருங்கள். மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. சி, டி என்பவை அடுத்த இரண்டு காலாண்டுகள். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டு முடிவதற்குள் அந்தச் சிலிண்டர் மீண்டும் சோதனைக்குப் போயாக வேண்டும் என்பது அதன் பொருள். புதிய சிலிண்டருக்கு முதலில் 10 ஆண்டுகள் கழித்தும், பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இந்தச் சோதனை நடைபெறுகிறது.

சோதனையில் என்ன செய்கிறார்கள்? மிச்ச வாயுவை வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உள்ளே தண்ணீரை நிரப்புகிறார்கள். பிறகு பம்பினால் மேலும் தண்ணீரைத் திணித்து, அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் வரை உயர்த்துகிறார்கள். சமையலறையில் இருக்கும்போது அதனுள் அழுத்தம் வாயுக் கலவையையும் வெயிலையும் பொறுத்துப் பெரும்பாலும் 5 முதல் 7 வரைதான். எனவே 25ஐத் தாங்கிய சிலிண்டர் நம் வீட்டில் அஞ்சாமல் நிற்கலாம்.

ஆனால், அழுத்தம் 25 ஆகிவிட்டது என்று சொன்னது யார்? பம்பின் அருகே பொருத்தப்பட்ட அழுத்தமானியின் முள்! பட்டறைகளில் இதைக் 'கேஜ்' என்றே சொல்வர். அந்த முள் 25ஐக் காட்டும்போது உண்மையில் உள்ளே இருப்பது 22 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். பலவீனமான சிலிண்டர் ஒன்று நீர் கசியாமல் தேறிவிடும். அதன் பட்டையில் புதுத் தேதி எழுதப்படும். பழுதுபட்ட சிலிண்டராவது கசிந்து தன் குறையைத் தெரிவித்துவிடும். பழுதுபட்ட அழுத்தமானியோ வாய் திறப்பதில்லை. ஆகவே சோதனைக் கருவியைச் சோதிக்கும் வேலை சோதனையைவிட ஒருபடி முந்தியது. அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதையே இங்குப் பார்க்கப் போகிறோம்.

அதற்குமுன் ஓர் ஐயம் எழலாம். வாயு வைக்கும் சிலிண்டரைக் காற்றால் சோதிக்காமல் தண்ணீரால் சோதிப்பானேன்? வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதில் 25 கி.கி. அழுத்தத்தில் காற்றை அடைத்து, அது வெடிக்குமானால் வெளிப்படும் ஆற்றல் ஒரு டன் இரும்பைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாவதை விட அதிகம். அதே அழுத்தத்தில் தண்ணீர் இருந்து சிலிண்டர் பிளந்தாலோ, வெளிப்படுவது பத்துக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பான ஆற்றலே. காற்று சுருங்கி விரியும். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. சோதிக்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பது இந்த வேறுபாடுதான். ஆகையால் பம்பை இயக்குமுன் மூலைமுடுக்குகளில் தங்கிய காற்றையெல்லாம் வெளியேற்றிவிட வேண்டும்.

ஆனால் தண்ணீரின் இதே குணம் இன்னொரு தொல்லையைக் கொண்டுவருகிறது. நிரம்பிய சிலிண்டரில் அழுத்தத்தைச் சைபரிலிருந்து 25க்குக் கொண்டுபோக இன்னும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் சுருங்குவதால் ஏறத்தாழ 38 மில்லிலிட்டர்; எஃகுச் சுவர் சற்றே விரிந்துகொடுப்பதால் அதைவிடச் சிறிது கூடுதல். இரண்டும் சேர்ந்து 85 மில்லிலிட்டர் போல வரும். ஒரு சிறு தம்ளர் காப்பி! ஓர் அடிக்கு 5 மில்லிலிட்டர் தள்ளும் பம்பு, ஒவ்வோர் அடிக்கும் அழுத்தத்தை ஒன்றரைக் கிலோ உயர்த்திவிடும். இரண்டு அடி அதிகமாக விழுந்தால் 25 ஆக வேண்டியது 28 ஆகிவிடும். பம்பு எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே.

முள்ளை அசைப்பது எது?

திருவிழாக் கடைகளில் ஊதினால் நீளும் காகிதச் சுருளை வாங்கி ஊதியிருப்பீர்கள். அழுத்தமானியின் உள்ளே இருப்பது ஏறக்குறைய அதுதான். காகிதத்துக்குப் பதில் வெண்கலமோ எஃகோ. சற்றுத் தட்டையான குழாய் ஒன்று வில்போல வளைக்கப்பட்டு, ஒரு முனை மூடப்பட்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு சிறிது நிமிரும். மூடிய முனை சில மில்லிமீட்டரே நகரும். அந்த நகர்ச்சியை ஓர் இணைப்புத்தண்டும் விசிறி வடிவப் பற்சக்கரமும் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. பாரிஸ் நகரைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் பட்டறைகளில் எங்கும் காண்பது அவருடைய குழாயைத்தான்.

உலோகம் எத்தனை முறை வளைந்தாலும் பழைய நிலைக்கே திரும்பும் என்ற நம்பிக்கையில் இக்கருவி ஓடுகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்தும், பம்பின் துடிப்பில் அதிர்ந்தும், ஒருமுறை அளவுக்கு மீறி அழுத்தப்பட்டும் அந்தக் குழாய் தளர்கிறது. பற்களும் தேய்கின்றன.

வாங்கும்போதே இருக்கும் பிழை வேறு. கேஜில் 'ஒரு சதவீதம்' என்று குறித்திருந்தால், அது முகப்பின் முழு அளவில் ஒரு சதவீதம். முள் காட்டும் அளவில் அன்று. 60 வரை காட்டும் கேஜில் 0.6 கிலோ வரை பிழை இருக்கலாம். 250 வரை காட்டும் கேஜில் இரண்டரைக் கிலோ! அதை வைத்துக்கொண்டு 25 கிலோ சோதனை செய்தால் பத்தில் ஒரு பங்கு பிழைக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம். 'பெரிய கேஜ் இருந்தால் நல்லதுதானே, உடையாது' என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய கேஜ் உடையாதுதான். ஆனால் அது அளப்பதும் இல்லை. சோதனை அழுத்தம் முகப்பின் நடுப்பகுதியில் விழுமாறு கேஜைத் தேர்ந்தெடுப்பதே முறை. இரட்டை வட்ட முகப்பு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: உள்வட்டம் 'பார்' அலகிலும் வெளிவட்டம் கி.கி. அலகிலும் இருக்கக்கூடும். ஒரு கி.கி. என்பது 0.98 பார்தான். வட்டம் மாறிப் படித்தால் இரண்டு சதவீதம் அங்கேயே போய்விடும்.

எடையே சாட்சி

கேஜை இன்னொரு கேஜோடு ஒப்பிடலாம். ஆனால் அந்த இன்னொன்றை நம்புவது எப்படி? இந்தக் கேள்வி எங்காவது முடிய வேண்டும். அது முடியும் இடம் மிக எளிமையான ஒரு கருவி. ஆங்கிலப் பெயரையே வைத்து 'டெட் வெயிட் டெஸ்டர்' என்கிறார்கள்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது, அவ்வளவுதானே? செங்குத்தாக நிற்கும் ஓர் உருளையில் மிகத் துல்லியமாகக் கடைந்த உந்துதண்டு ஒன்று. அதன் அடிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். தண்டும் அதன் தட்டும் உட்பட மொத்தம் 25 கிலோகிராம் எடையைச் சுமத்தினால், அடியிலுள்ள எண்ணெயின் அழுத்தம் 25 கி.கி. ஆகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை. எண்ணெயில் உண்டாகும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதிப்படி அதே அழுத்தம் பக்கத்தில் பொருத்திய கேஜுக்கும் போய்ச் சேரும். பக்கத்துத் திருகைச் சுழற்றி எண்ணெயைத் தள்ளிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எடைகள் மெல்ல எழுந்து மிதக்கும். அப்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கேஜின் யோக்கியதை தெரிந்துவிடும். 250 கிலோ அழுத்தம் வேண்டுமா? அதற்குக் கால் டன் எடையை அடுக்க வேண்டாம். மூன்றரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய தண்டை மாற்றிப் பொருத்தினால் அதே 25 கிலோ எடை போதும்.

எடைகள் மிதக்கும்போது அவற்றைக் கையால் மெதுவாகச் சுழற்றிவிடுவார்கள். முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். தண்டுக்கும் உருளைக்கும் இடையே ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. எண்ணெய்ப் படலம் மட்டுமே. நின்ற நிலையில் தண்டு சுவரில் ஒட்டி உராயும். அந்த உராய்வு எடையில் ஒரு பகுதியைத் திருடிக்கொள்ளும். சுழலும்போது படலம் எங்கும் சமமாகப் பரவித் தண்டை விடுவித்துவிடுகிறது.

எடையை நம்புகிறோம், சரி. ஆனால் எடை என்பது புவி இழுக்கும் விசை அல்லவா? அது எல்லா ஊரிலும் ஒன்றன்று. கிலோகிராம் விசைக்கு அடிப்படையான நியம ஈர்ப்பு முடுக்கம் 9.80665. பாரிஸில் 9.809, டில்லியில் 9.791, நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய நம் சென்னையில் 9.783 மட்டுமே. நியம அளவுக்காகச் செய்த எடைகளை அப்படியே சென்னையில் வைத்தால் 100 என்று குறித்த இடத்தில் உண்மையில் 99.76 தான் கிடைக்கும். சாதாரணப் பட்டறைக் கேஜுக்கு இது பொருட்டல்ல. ஆனால் கால் சதவீதத் துல்லியமுள்ள மூலக் கேஜைச் சோதிக்கும்போது அந்தத் துல்லியம் முழுவதையும் ஊர் மாறிய குற்றமே விழுங்கிவிடும். அதனால் நல்ல ஆய்வுக்கூடங்கள் தம் ஊரின் ஈர்ப்பு முடுக்கத்தைச் சான்றிதழ்க் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. பட்டறைக் கேஜுக்கு மூலக் கேஜ், அதற்கு எடைக் கருவி, அந்தக் கருவிக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம், அதற்கும் மேலே டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் என்று படிப்படியாகச் செல்லும் சங்கிலி இது.

கேஜைப் பொருத்திய பின் எடைகளை 10, 20, 30 என்று ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் முள்ளைக் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சியைத் தொட்டதும் நிறுத்திவிடக் கூடாது. அதே படிகளில் இறங்கியும் வர வேண்டும். ஏறும்போது 30இல் 30.0 காட்டிய முள், இறங்கும்போது 30.4 காட்டக்கூடும். உலோகம் பழைய வளைவுக்குத் திரும்பத் தயங்குகிறது. இதை இயற்பியலார் தயக்கம் என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். ஒவ்வொரு முறையும் படிக்குமுன் கண்ணாடியை விரலால் இலேசாகத் தட்டுவதும் வழக்கம். தட்டியதும் முள் தாவினால் பற்களில் தேய்மானம் இருக்கிறது என்று தெரியும்.

குறித்த எண்களைப் பார்த்தாலே நோய் எதுவென்று சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால் முள் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அதைக் கழற்றிச் சரியான இடத்தில் பொருத்தினால் போதும். அழுத்தம் ஏற ஏறப் பிழையும் ஏறுமானால் பெருக்கும் பொறியில் குற்றம். பற்சக்கரத்தின் வாலில் ஒரு நீள்துளை உண்டு. அதில் இணைப்புத்தண்டின் திருகைச் சுழல்மையத்துக்கு நெருக்கினால் முள் அதிகம் ஓடும். விலக்கினால் குறைவாக ஓடும். இரு முனையிலும் சரியாகக் காட்டி நடுவில் மட்டும் தவறினால் தண்டின் கோணத்தைத் திருத்த வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று கெடும். பொறுமை வேண்டிய வேலை.

கேஜ் தேறிய பிறகே மற்றக் கட்டுப்பாடுகளைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. ஏனென்றால் மற்றவை அனைத்தும் கேஜைப் பார்த்தே அமைக்கப்படுகின்றன. முதலில் பாதுகாப்பு வால்வு. சோதிக்க வேண்டிய சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயைக் கனமான மூடியால் அடைத்து, வால்வின் சுருள்வில்லை முழுவதும் தளர்த்தி, பம்பை மெல்ல ஓடவிட்டு, திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குவர். 25 கிலோ சோதனைக்கு வால்வு 27ஐ ஒட்டித் திறக்குமாறு வைப்பது நல்லது. 25லேயே வைத்தால் 24லிருந்தே சொட்டத் தொடங்கி அழுத்தம் ஏறாது. 35இல் வைத்தால் அது இருந்தும் இல்லாததே.

அடுத்தது பம்பை நிறுத்தும் அழுத்த சுவிட்ச். அதன் முகப்பில் அச்சிட்ட எண்ணை நம்பி வைத்துவிட்டுப் போகக் கூடாது. மின்சாரம் நின்ற பிறகும் மோட்டார் சுழன்றுகொண்டே சில அடிகள் தள்ளும் அல்லவா? 1,000 லிட்டர் தொட்டியில் அந்தச் சில அடிகளால் முள் அசைவதே தெரியாது. 33 லிட்டர் சிலிண்டரில் அது நான்கைந்து கிலோவாகிவிடும். ஆகவே இதற்கென்றே ஒதுக்கிவைத்த, அதே வகையான ஒரு சிலிண்டரை மாட்டி, பத்து முறையாவது ஓட்டி, முள் ஒவ்வொரு முறையும் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துத்தான் நிறுத்தும் புள்ளியை முடிவு செய்ய வேண்டும். பலர் 20 வரை பம்பை ஓட்டிவிட்டு, மிச்சத்தைக் கைப்பம்பால் ஏற்றுகிறார்கள். மெதுவான வழி, ஆனால் குற்றமில்லாத வழி.

இந்த சுவிட்சில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. 25இல் நிறுத்தும் சுவிட்ச் அழுத்தம் 22க்கு இறங்கினால் பம்பை மீண்டும் ஓட்டிவிடும். வீட்டுத் தண்ணீர் பம்புக்கு அது வசதி. சோதனையிலோ ஆபத்து. அழுத்தத்தை நிறுத்திவைத்துக் கசிவைப் பார்க்கும் நேரத்தில் சிலிண்டர் சிறிது கசிந்தாலும் பம்பு தானே ஈடுசெய்து, பார்ப்பவர் சற்றுத் திரும்பியிருந்தால் முள் 25லேயே நிற்பதாகக் காட்டிவிடும். எனவே நிறுத்திவைக்கும்போது சிலிண்டருக்கும் பம்புக்கும் நடுவேயுள்ள வால்வை மூடி, பம்பு மீண்டும் ஓடாதவாறு செய்துவிட வேண்டும்.

கசியாமலேயே முள் இறங்குவதும் உண்டு. வெயிலில் நின்ற தொட்டித் தண்ணீரை நிரப்பி, நிழலில் வைத்துச் சோதித்தால் தண்ணீர் குளிர்ந்து சுருங்கும். நம் சிலிண்டரில் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ குறைந்துவிடும்! மாறாக, குளிர்ந்த நீர் வெதுவெதுப்பானால் அழுத்தம் ஏறி உண்மையான கசிவை மறைத்துவிடும். சிலிண்டரும் நீரும் அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டர்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 150 பாரில் வாயு அடைக்கும் சிலிண்டரை 250 பாரில் சோதிப்பார்கள். கசிகிறதா என்பது மட்டும் இங்குப் போதாது. சிலிண்டரை நீர் நிறைந்த ஓர் உறைக்குள் இறக்கி, அழுத்தத்தில் அது எவ்வளவு உப்பியது, அழுத்தத்தை நீக்கியபின் எவ்வளவு உப்பல் திரும்பாமல் தங்கியது என்று உறையிலிருந்து வெளியேறும் நீரால் அளக்கிறார்கள். தங்கிய உப்பல் மொத்த உப்பலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சிலிண்டர் தள்ளுபடி. இங்கே பம்பு தவறி, முன்னோட்டத்திலேயே அழுத்தம் 250ஐத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? தங்க வேண்டிய உப்பல் அப்போதே தங்கிவிடும். பிறகு முறையாகச் சோதிக்கும்போது அது தென்படாது; நோயுள்ள சிலிண்டர் நல்லதாகத் தேறிவிடும். அதனால்தான் முன்னோட்டத்தில் சோதனை அழுத்தத்தின் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையின் விதி. குறிப்பிட்ட அழுத்தத்தில் எவ்வளவு உப்பும் என்று சான்று பெற்ற ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு, நாள்தோறும் காலையில் முதலில் அதை இறக்கிக் கருவி சரியான விடை சொல்கிறதா என்று பார்த்த பின்னரே மற்றவற்றை எடுப்பதும் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், காற்றழுத்த இயந்திரங்களுக்குத் தொட்டி செய்யும் சிறு பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். 12 கிலோவில் ஓடும் தொட்டிகளை 18 கிலோவில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மூலக் கேஜுகளைச் சோதிக்க வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், சுவரில் தொங்கிய கேஜைக் கண்ணாடிக்கு வெகு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த முள்ளை யாரு கழட்டி மாட்டுனது?" என்று கேட்டார்.

பம்பருகே நின்ற இளைஞர் மறைக்கவில்லை. "நான்தானுங்க ஐயா. போன மாசம் பம்பு நிக்காம ஓடி, முள்ளு ஒரு சுத்து சுத்திப் போயிருச்சுங்க. அப்புறம் அழுத்தமே இல்லாதப்பவும் ரெண்டு காட்டிச்சு. கழட்டிச் சைபர்ல வச்சுட்டனுங்க."

"சைபர்ல வச்சே, சரி. பதினெட்டுல எங்கே நிக்கும்னு பார்த்தியா?"

எடைக் கருவியில் ஏற்றினார்கள். 6 கிலோவில் முள் 6.3, 12இல் 12.9, 18இல் 19.4. விரிந்துபோன குழாய் முன்னைவிட அதிகம் நிமிர்ந்துகொண்டிருந்தது. முள் 18 என்றபோதெல்லாம் தொட்டிக்குள் இருந்தது 17க்கும் குறைவு. அந்த முள்ளைப் பார்த்துத்தான் பம்பை நிறுத்தும் சுவிட்சையும் வைத்திருந்தார்கள்.

முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். அன்று முதல் வெளியே போன தொட்டிகள் ஒன்பது. இரண்டு வெளியூர். லாரி வாடகை, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய பதில், எல்லாவற்றையும் நினைத்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், தொலைபேசியை எடுத்தார். அடுத்த வாரம் ஒன்பதும் திரும்பி வந்தன. புதுக் கேஜில் எட்டுத் தொட்டிகள் 18ஐத் தாங்கின. ஒன்பதாவதில் முள் 17ஐத் தாண்டியதும் அடிப்பக்கத்துப் பற்றவைப்பில் வியர்வைத் துளிபோல ஒரு சொட்டுத் தண்ணீர் அரும்பியது. இளைஞர் பம்பை நிறுத்திவிட்டுச் சாக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.